ப்ளஸ் 2 முடிச்சாச்சு, ஐ.டி. வேலைக்குப் போகணும்: காலேஜா, பாலிடெக்னிக்கா, சர்டிபிகேட் கோர்ஸா? எது யாருக்குச் சரி?

ரிசல்ட் வந்த சில மணி நேரத்திலேயே வீட்டுக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "சி.எஸ்.ல சீட் இருக்கு, இன்னிக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்று ஒரு குரல். "காலேஜே வேண்டாம், 6 மாசத்துல உங்க பையனை டெவலப்பர் ஆக்கிடுறோம்" என்று இன்னொரு குரல். "பாலிடெக்னிக்ல சேர்த்துவிட்டா சீக்கிரம் சம்பாதிக்க ஆரம்பிச்சிடுவான்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றிலும் சொல்லாமல் விடப்படுகிற விஷயமும் இருக்கிறது. நகையை அடகு வைத்தோ, கடன் வாங்கியோ பணம் கட்டப்போகிற குடும்பத்துக்கு அந்தச் சொல்லாத விஷயம்தான் முக்கியம். எந்த வழி எந்த வேலைக்குக் கொண்டுபோகும், எவ்வளவு செலவாகும், எங்கே மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

* பட்டம் என்பது நுழைவுச்சீட்டு. விண்ணப்பிக்கும் தகுதியைத் தரும். வேலையைத் தராது.
* பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்பவை செலவு குறைந்த, கைவேலை கற்றுத்தரும் வழிகள். அங்கிருந்து பட்டத்துக்கும் போகலாம்.
* சர்டிபிகேட் என்பது கற்றுக்கொண்ட திறமைக்கான சாட்சி. பட்டத்துக்கோ டிப்ளமோவுக்கோ மேலே வைத்தால்தான் அதற்கு முழு மதிப்பு.

அதாவது இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. எதை முதலில், எதைப் பிறகு என்கிற வரிசைதான் கேள்வி. உங்கள் மதிப்பெண், கையில் உள்ள பணம், வீட்டுக்கு எப்போது சம்பளம் தேவை, இந்த மூன்றும்தான் அந்த வரிசையை முடிவு செய்யும்.

ஐ.டி. வேலை என்றால் எந்த வேலை?

"ஐ.டி.ல வேலை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே பல வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு.

சாஃப்ட்வேர் எழுதும் டெவலப்பர் வேலைக்கு, பெரிய சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் பட்டதாரிகளைத்தான் எடுக்கின்றன. கேம்பஸ் இன்டர்வியூவில் 10ஆம் வகுப்பு, ப்ளஸ் 2 அல்லது டிப்ளமோ, பட்டம் ஆகிய எல்லாவற்றிலும் 60 சதவீதம் வேண்டும், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பது பல நிறுவனங்கள் வைக்கும் நிபந்தனை. இந்த வடிகட்டலை பெரும்பாலும் கம்ப்யூட்டரே செய்துவிடும். உங்கள் திறமையை ஒரு மனிதர் பார்ப்பதற்கு முன்பே விண்ணப்பம் வெளியே போய்விடும்.

நெட்வொர்க், சர்வர் பராமரிப்பு, டெக்னிக்கல் சப்போர்ட் போன்ற வேலைகளில் நிலைமை கொஞ்சம் வேறு. மருத்துவமனை, ஆலை, கல்லூரி, வங்கிக் கிளை எனக் கம்ப்யூட்டர் இருக்கும் எல்லா இடத்திலும் இந்த ஆட்கள் தேவை. இங்கே டிப்ளமோவும் ஒரு நல்ல சர்டிபிகேட்டும் கை அனுபவமும் இருந்தால் கதவு திறக்கும்.

அரசு, வங்கித் துறை ஐ.டி. பணிகளில் விதி எழுத்தில் இருக்கும், தளர்வு கிடையாது. உதாரணமாக, ஐ.பி.பி.எஸ். நடத்தும் ஐ.டி. ஆபீசர் தேர்வுக்கு கம்ப்யூட்டர் அல்லது எலக்ட்ரானிக்ஸ் சார்ந்த பொறியியல் பட்டமோ, முதுநிலைப் பட்டமோ, ஏதேனும் ஒரு பட்டத்துடன் 'பி' லெவல் தேர்ச்சியோ கேட்கிறார்கள். எத்தனை தனியார் சர்டிபிகேட் வைத்திருந்தாலும் இதற்கு ஈடாகாது.

வெளிநாட்டு ஆசை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் ஹெச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ அடிப்படைத் தேவை. 18 வயதில் "பட்டம் எதுக்கு" என்று தோன்றலாம். 28 வயதில் வாய்ப்பு வரும்போது அதே பட்டத்தைத்தான் கேட்பார்கள்.

காலேஜ் வழி: பி.இ., பி.டெக்.

தமிழ்நாட்டில் பி.இ., பி.டெக். இடங்களுக்கு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆன்லைன் கவுன்சிலிங் நடத்துகிறது. கட்ஆஃப் 200க்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50.

இங்கே பலரும் செய்கிற தவறு, கட்ஆஃப் குறைஞ்சிடுச்சே என்ற பயத்தில் கவுன்சிலிங் தொடங்கும் முன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் வாங்கிவிடுவது. அதில் கட்டணம் மட்டும் அதிகமாவதில்லை, சலுகைகளும் கைவிட்டுப் போகின்றன.

* குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, கவுன்சிலிங் மூலம் சேருபவர்களுக்குத்தான்.
* 6ஆம் வகுப்பு முதல் ப்ளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது.
* எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பொருந்தாது.

தகுதியுள்ள ஒரு மாணவி அவசரத்தில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால், இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய படிப்புக்கு அவர் அப்பா லட்சங்களில் கடன் கட்டுவார்.

அடுத்த கேள்வி, கல்லூரியா, பாடப்பிரிவா? "சி.எஸ். கிடைச்சா போதும், எந்தக் காலேஜா இருந்தாலும் சரி" என்று முடிவெடுப்பது ஆபத்து. பாடப்பிரிவுக்கான மாணவர் எண்ணிக்கை உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 கல்வியாண்டு முதல் தளர்த்திய பிறகு, பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் பெருகிவிட்டன. இடம் பெருகிய வேகத்தில் ஆசிரியரும் லேபும் பெருகியதா என்று பார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. சாய்ஸ் ஃபில்லிங்கில் உட்காருவதற்கு முன் அதைப் பாருங்கள். பாதிப் பேர் ஃபெயில் ஆகும் கல்லூரியில் சி.எஸ். படிப்பதைவிட, நல்ல கல்லூரியில் இ.சி.இ. அல்லது இ.இ.இ. படித்துக்கொண்டே கோடிங் கற்பவருக்கு வாய்ப்பு அதிகம். பெரிய சேவை நிறுவனங்கள் பல பாடப்பிரிவுகளிலிருந்தும் ஆள் எடுப்பது வழக்கம்.

பி.எஸ்சி., பி.சி.ஏ. மட்டமா?

இல்லை. கணிதம் இல்லாத குரூப் படித்தவர்களுக்கும், 4 ஆண்டுச் செலவைத் தாங்க முடியாதவர்களுக்கும் இது கௌரவமான வழி. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் கட்டணம் ஆண்டுக்கு சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். 3 ஆண்டில் பட்டம். ப்ளஸ் 2வில் எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் முன் சரிபார்த்துக்கொள்ளவும்.

ஒரு குறை உண்டு. அதே நிறுவனத்தில் பி.இ. முடித்தவரைவிட பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவரின் தொடக்கச் சம்பளம் பொதுவாகக் குறைவு. அதை நிரவ 2 வழிகள். ஒன்று, 2 ஆண்டு எம்.சி.ஏ.; இதற்கு ப்ளஸ் 2விலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருப்பது பொதுவான நிபந்தனை. இன்னொன்று, வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பு. பி.எஸ்சி., பி.சி.ஏ. பட்டதாரிகளை எடுத்து, தன் செலவில் எம்.டெக். படிக்க வைக்கும் திட்டத்தை விப்ரோ நடத்திவருகிறது.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020ஆம் ஆண்டு தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. 4 வாரம் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என நடுவில் எந்த நிலையிலும் சான்றிதழோடு வெளியேறலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஒரே நேரத்தில் 2 பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022ல் அனுமதி கொடுத்துவிட்டதால், ஊரில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். ஆனால் ஆன்லைன்தானே என்று லேசாக எடுத்துக்கொண்டால் தாக்குப்பிடிக்க முடியாது. கணக்கும் புள்ளியியலும் வாரா வாரம் வேலை வாங்கும்.

பாலிடெக்னிக் வழி: யாரும் போடாத ஒரு கணக்கு

பாலிடெக்னிக் என்றதும் "மார்க் குறைஞ்சவங்க போற இடம்" என்று பேசிப் பழகிவிட்டோம். வயதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

10ஆம் வகுப்பு முடிக்கும்போது 15 வயது. ப்ளஸ் 2 முடிக்கும்போது 17. பி.இ. முடிக்கும்போது 21.

அதே 15 வயதில் பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் 18ல் டிப்ளமோ. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ.யில் நேரடியாக 2ஆம் ஆண்டில் சேரலாம். 3 ஆண்டில் பி.இ. அப்போதும் வயது 21!

ஆண்டு எதுவும் வீணாகவில்லை. ஆனால் 18 வயதில் கையில் ஒரு தொழில் தகுதி இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய் படிப்பை நிறுத்த வேண்டி வந்தால்கூட, பி.இ. 1ஆம் ஆண்டில் நின்றவரின் நிலை இவருக்கு வராது. டிப்ளமோவோடு வேலைக்குப் போய், பிறகு பி.இ.யைத் தொடரலாம்.

ப்ளஸ் 2 முடித்தவர்களும், ஐ.டி.ஐ. முடித்தவர்களும் உரிய பாடப்பிரிவு படித்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக 2ஆம் ஆண்டில் சேரலாம். சென்னை தரமணி மத்திய பாலிடெக்னிக் போன்ற அரசு பாலிடெக்னிக்குகளில் கட்டணம் மிகக் குறைவு.

கவனிக்க வேண்டியது: டிப்ளமோவிலிருந்து பி.இ.க்குப் போகும்போது கணிதம் சிரமப்படுத்தும். ப்ளஸ் 1, ப்ளஸ் 2 கணிதத்தைத் தாண்டி வந்திருப்பதால் 2ஆம் ஆண்டு தொடக்கத்தில் பலருக்கும் அரியர் விழுவது அங்கேதான். டிப்ளமோ படிக்கும்போதே கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

ஐ.டி.ஐ.யிலும் கம்ப்யூட்டர் இருக்கு

ஐ.டி.ஐ. என்றால் ஃபிட்டர், வெல்டர் மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டென்ட், அதாவது கோபா என்ற 1 ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. 10ஆம் வகுப்பு தேர்ச்சி போதும். கம்ப்யூட்டர் பராமரிப்பு சார்ந்த பிரிவுகளும் உண்டு. அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாத உதவித்தொகையோடு பஸ் பாஸ், சைக்கிள் போன்ற உதவிகளும் கிடைக்கின்றன.

கோபா முடித்தால் டெவலப்பர் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டேட்டா என்ட்ரி, அலுவலக உதவி, தொடக்கநிலை சப்போர்ட் போன்ற வேலைகளுக்கு அது வழி. அதை முதல் படியாக எடுத்துக்கொண்டு டிப்ளமோ, பட்டம் என்று மேலே ஏறுபவர்களுக்குத்தான் அது பலன் தரும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வு, அரசுத் துறையில் டைப்பிஸ்ட் போன்ற பணிகளுக்கு உதவும். ஐ.டி. நிறுவன வேலைக்கு அது கணக்கில் வராது.

மாதம் ஆயிரம் ரூபாய் எந்தப் படிப்புக்கு?

அரசுப் பள்ளியில் 6 முதல் ப்ளஸ் 2 வரை படித்த மாணவிகளுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவானது. பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும்.

தனியார் பயிற்சி மையத்தின் 6 மாத கோர்ஸுக்குப் பொருந்தாது. கல்லூரியை விட்டுவிட்டு அங்கே போவதாக இருந்தால், இழக்கும் இந்தப் பணத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சர்டிபிகேட் வழி: 2 வகை, 2 மதிப்பு

"சர்டிபிகேட்" என்று ஒரே பேரில் 2 வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன.

முதல் வகை, கோர்ஸ் முடித்ததற்கான சான்றிதழ். வகுப்புக்கு வந்தார், வீடியோ பார்த்தார் என்று பயிற்சி மையமே கொடுப்பது. கற்றுக்கொள்ள உதவும். ஆனால் நிறுவனங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது வகை, தொழில்நுட்ப நிறுவனமே கண்காணிப்போடு தேர்வு வைத்துக் கொடுக்கும் சான்றிதழ். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ்., மைக்ரோசாஃப்டின் அஸூர், ரெட் ஹேட்டின் ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ. போன்றவை இந்த வகை. இதில் ரெட் ஹேட் தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. ஓடும் லினக்ஸ் கணினியில் உட்கார்ந்து கொடுத்த வேலையைச் செய்து காட்ட வேண்டும். இவற்றை வேலைக்கு எடுப்பவர் ஆன்லைனில் சரிபார்க்க முடியும்.

செலவு? ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட் பிராக்டிஷனர் தேர்வுக்கு 100 டாலர். சி.சி.என்.ஏ.வுக்கு 300 டாலர், நம் பணத்தில் சுமார் 25,000 ரூபாய்க்கு மேல், வரி தனி. ஃபெயில் ஆனால் மறுபடி அதே கட்டணம். சி.சி.என்.ஏ., ஏ.டபிள்யூ.எஸ்., ரெட் ஹேட் சான்றிதழ்கள் 3 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பட்டம் காலாவதி ஆகாது, சர்டிபிகேட் காலாவதி ஆகும் என்பதை மறக்கக் கூடாது.

எனவே முதல் ஆண்டிலேயே பணம் கட்டி எழுத வேண்டியதில்லை. படிப்பின் கடைசி ஆண்டிலோ, முதல் வேலைக்குப் பிறகோ எழுதினால்தான் லாபம். பல நிறுவனங்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகு தேவையான தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே கட்டுகின்றன.

கற்றுக்கொள்ள மட்டும் பணம் தேவையே இல்லை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பயிற்சிகள் உண்டு. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி, இன்ஃபோசிஸ் ஸ்பிரிங்போர்டு ஆகியவற்றிலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. இவற்றில் 2 மாதம் உட்கார முடியாதவருக்கு, 60,000 ரூபாய் கட்டிய வகுப்பிலும் உட்கார முடியாது. முதலில் இலவசத்தில் முயன்று பார்ப்பது நல்லது.

சம்பாதித்துக்கொண்டே படிக்க முடியுமா?

முடியும். ஆனால் இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

ஜோஹோ நிறுவனம் நடத்தும் ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங், ப்ளஸ் 2, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறது. கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகை உண்டு. தென்காசியிலும் பயிற்சி நடக்கிறது. ஹெச்.சி.எல். நிறுவனம் 2017ல் தொடங்கிய டெக்பீ திட்டத்தில் ப்ளஸ் 2 முடித்தவர்களுக்குப் பயிற்சி, பிறகு வேலை, வேலையோடு சேர்த்து பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா போன்ற நிறுவனங்களில் பட்டப்படிப்பு என்று வழி இருக்கிறது. சேருவதற்கு முன் பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும், நடுவில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் படித்துப் பார்க்கவும்.

டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்கு அப்ரெண்டிஸ் பயிற்சியும் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் செயல்படுகிறது. உதவித்தொகை குறைவுதான். ஆனால் 1 ஆண்டு அனுபவம் ரெஸ்யூமில் ஏறும்.

கடன் வாங்கும் முன் இந்தக் கணக்கு

பெரிய சேவை நிறுவனங்களில் ஃப்ரெஷரின் தொடக்கச் சம்பளம் பல ஆண்டுகளாகவே ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாயை ஒட்டித்தான் நிற்கிறது. பிடித்தம் போகக் கையில் மாதம் சுமார் 25,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்வோம்.

8 லட்சம் ரூபாய் கடனை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டில் அடைக்க, மாதத் தவணை சுமார் 10,570 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்த்தால் இன்னும் கூடும். மீதி 14,000 சொச்சத்தில் சென்னை ஓ.எம்.ஆரில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு, அதற்கு மேல்தான் வீட்டுக்கு அனுப்புவது. வேலை 1 ஆண்டு தள்ளிப்போனால்? அந்தத் தவணையை அப்பா அம்மாதான் கட்டியாக வேண்டும்.

பெரிய நிறுவனங்களே ஆட்களைக் குறைக்கும் காலம் இது. டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. ஏ.ஐ. கருவிகள் எளிய கோடிங், டெஸ்டிங் வேலைகளைச் செய்யத் தொடங்கிவிட்டன. ஐ.டி. முடிஞ்சுபோச்சு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு கருவியை மட்டும் மனப்பாடம் செய்து வேலைக்குப் போகும் வழி குறுகிவருகிறது. லாஜிக், டேட்டா ஸ்ட்ரக்சர், நெட்வொர்க், டேட்டாபேஸ், ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுவது ஆகிய அடிப்படைகள் கையில் இருந்தால் எந்தக் கருவி வந்தாலும் சமாளிக்கலாம்.

எங்கே ஏமாறுகிறார்கள்?

"100 சதவீதம் வேலை உத்தரவாதம்": விளம்பரத்தில் இருக்கும், ஒப்பந்தத்தில் "பிளேஸ்மென்ட் உதவி" என்று மாறியிருக்கும். கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும்.

"இப்போ படிங்க, அப்புறம் கட்டுங்க": பல இடங்களில் இது நிதி நிறுவனத்தின் கடன். வகுப்பு நின்றுபோனாலும், பயிற்சி மையம் மூடப்பட்டாலும், ஒப்பந்தம் நிதி நிறுவனத்தோடு என்பதால் தவணை நிற்காது. கட்டத் தவறினால் சிபில் ஸ்கோர் அடிபடும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

"பேக்டோர்" வேலை: பணம் வாங்கிக்கொண்டு வேலை தருவதாகச் சொல்வது, செய்யாத வேலைக்கு போலி அனுபவச் சான்றிதழ் தயாரித்துக் கொடுப்பது. நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பு செய்கின்றன. பி.எஃப். கணக்கைப் பார்த்தாலே பொய் தெரிந்துவிடும். சேர்ந்த பிறகு மாட்டினாலும் வேலை போகும், வழக்கும் வரலாம். வேலைக்கு எடுக்கும் உண்மையான நிறுவனம் டெபாசிட் கேட்காது.

யாருக்கு எது சரி?

* நல்ல கட்ஆஃப், கணிதத்தில் ஆர்வம், கவுன்சிலிங்கில் அரசு அல்லது தரமான கல்லூரி கிடைக்கிறது: பி.இ. படிக்கலாம். 3ஆம் ஆண்டிலிருந்து புராஜெக்ட், இன்டர்ன்ஷிப். கடைசி ஆண்டில் ஒரு சர்டிபிகேட்.

* சுமாரான கட்ஆஃப், லட்சங்களில் பணம் கட்டினால்தான் சீட்: அந்தக் கடனை எடுப்பதைவிட அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. அல்லது பி.சி.ஏ. சேர்ந்து, மிச்சமாகும் நேரத்தில் கோடிங், பிறகு எம்.சி.ஏ. நல்லது. விரும்பினால் பாலிடெக்னிக் 2ஆம் ஆண்டு, அதன்பின் பி.இ. 2ஆம் ஆண்டு. 1 ஆண்டு கூடுதலாகும், கடன் பல மடங்கு குறையும்.

* 10ஆம் வகுப்பு முடித்தவர், வீட்டுக்குச் சீக்கிரம் வருமானம் தேவை: பாலிடெக்னிக். டிப்ளமோ முடித்ததும் நெட்வொர்க் அல்லது சப்போர்ட் வேலை, சம்பளத்தில் சி.சி.என்.ஏ., பிறகு பகுதிநேரமாகவோ ஆன்லைனிலோ பட்டம்.

* ஏற்கெனவே வேறு பாடத்தில் பட்டம் முடித்தவர்: இன்னொரு பட்டம் அவசியமில்லை. தகுதி கையில் இருக்கிறது, திறமைதான் குறை. இவர்களுக்குத்தான் சர்டிபிகேட் வழி மிகவும் பொருந்தும்.

* ப்ளஸ் 2வில் ஒரு பாடத்தில் தோல்வி: துணைத் தேர்வு இருக்கிறது. 10ஆம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.யிலும் சேரலாம். பயிற்சி மையத்தில் பணம் கட்டுவது இவர்களுக்கு முதல் வழியாக இருக்கக் கூடாது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. முழுப் படிப்புக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுதிக் கேளுங்கள்.
2. ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியும் பல்கலைக்கழக இணைப்பும் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா? பி.சி.ஏ. படிப்பும் 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்திருக்கிறது.
3. வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்பதோடு, அந்த வகுப்பில் மொத்தம் படித்தவர்கள் எத்தனை பேர்? முதல் எண்ணை மட்டும் சொன்னால் சந்தேகப்படுங்கள்.
4. கடந்த ஆண்டு முடித்த மாணவர்கள் 2 பேரின் தொடர்பு கிடைக்குமா? நிர்வாகம் கொடுக்காவிட்டால் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் நின்றால் போதும், மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.
5. விலகினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்? எத்தனை நாளுக்குள்?
6. அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா? சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. விதி. அசலைக் கையில் வைத்திருக்கும் மாணவருக்கு, கவுன்சிலிங்கில் நல்ல இடம் வந்தால் மாறிக்கொள்ளும் வழி திறந்தே இருக்கும். அதனால் போனில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கவுன்சிலிங் முடிவு தெரியும் வரை அசலைக் கொடுக்க வேண்டாம்.